பதினேழாவது கட்டம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும், அந்தச் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் 'சூத்திரம்' நிறுவப்பட்ட நாளுக்கும் இடையில் மனித வரலாற்றில் குறிப்பிடும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை. இதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாத அறிஞர்களுக்குத் திறப்பு விழாவில் நாற்காலி போடப்படவில்லை.

சூத்திரம் வரும்வரை நிறுவனம் இருட்டில்தான் கிடந்தது. மொத்தம் அறுபத்து நான்கு லாரிகள். சரக்கை ஏற்றிக்கொண்டு போகும், இறக்கும், அப்புறம், சொல்லவே நா கூசுகிறது, திரும்பி வரும். பெரும்பாலும் காலியாக. ஓட்டுநர்கள் நேரே வீட்டுக்குப் போவார்கள். குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள், மறுநாள் வேலைக்கு வருவார்கள். இந்தக் காட்டுமிராண்டித்தனம் பல ஆண்டுகளாகப் பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கணித ஆலோசகர் வந்து சேர்ந்தார். அலுவலகத்தில் அவருக்குத் 'தசமம்' என்று பெயர். எதையும் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. டீ எத்தனை வேண்டும் என்று கேட்டால்கூட "பூஜ்யம் புள்ளி ஏழு அஞ்சு போதும்" என்பார். டீக்கடைக்காரர் முக்கால் கிளாஸ் கொடுத்துவிட்டு முழுக் கிளாஸுக்குக் காசு வாங்கிக்கொள்வார். கணிதம் தெரியாதவர்கள் பிழைக்கும் வழி அது.

சூத்திரத்தைக் கணினியில் ஏற்றும் பாக்கியம் டெஸ்பாட்ச் அக்காவுக்குக் கிடைத்தது. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று அனுப்பும் பிரிவில் இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர்; அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முப்பத்தொன்றாம் வண்டியின் ஓட்டுநர் அவள் கணவன். அவனுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். ஏன் என்று அவனுக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். அக்கா அப்போது நான்கு மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டானது.

முதல் கூட்டத்தில் அக்கா சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள்.

"காலி வண்டி ஓட்டுறதுன்னா என்னன்னு தெரியுமா?" என்று தசமம் கேட்டார். "காத்தைச் சுமக்குறது. போன வருஷம் நீங்க ஓட்டின தூரத்துல முப்பத்தெட்டுப் புள்ளி நாலு ஆறு சதவீதம் காத்தைச் சுமந்திருக்கீங்க."

பொது மேலாளர் முகத்தில், அந்தக் காற்றை அவரே தோளில் சுமந்த களைப்பு தெரிந்தது.

ஆகவே சூத்திரம் இனிமேல் ஒரு வண்டி இறக்கிய இடத்தில் இருந்தே அடுத்த சரக்குக்கு அனுப்பும். பக்கத்தில் எங்கே சுமை இருக்கிறதோ, அங்கே. அங்கிருந்து அடுத்தது. செலவு எந்த வழியில் குறைவோ அந்த வழி. அதற்குச் செலவுகளின் அட்டவணை ஒன்று வேண்டும், பதினேழு கட்டம். டீசல், டயர் தேய்மானம், சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று பதினாறு கட்டங்களை ஒரு மணி நேரத்தில் நிரப்பினார்கள். மழையில் தார்ப்பாய் நனைவதற்குக்கூட ஒரு விலை கண்டுபிடித்தார்கள்.

"பதினேழு," என்று தசமம் வாசித்தார். "ஓட்டுநர் வீடு திரும்பாத ஒவ்வொரு நாளுக்கும் ஆகும் செலவு. இதுக்கு என்ன போடலாம்?"

கூட்டம் யோசித்தது. பணியாளர் நல அதிகாரி முதலில் வாய் திறந்தார். "என்னைக் கேட்டா, வீட்டுக்குப் போகாத நாள்தான் எனக்கு லாபம்." எல்லோரும் சிரித்தார்கள். பணியாளர் நலம் அந்த அளவில் முடிந்தது.

"பில் இருந்தாப் போடலாம்," என்றார் தலைமைக் கணக்கர். "வீட்டுக்குப் போகலைன்னு இதுவரைக்கும் யாராவது பில் குடுத்திருக்காங்களா?"

யாரும் கொடுக்கவில்லை.

"அப்ப சைபர்," என்றார் பொது மேலாளர். உடனே கையை உயர்த்தினார். "இருங்க. சைபர்னு எழுதாதீங்க. நாளைக்குச் சங்கத்துக்காரங்க கண்ணுல பட்டா அசிங்கம். காலியா விட்டுருங்க."

"காலியா விட்டாலும் சூத்திரம் அதைச் சைபர்னுதான் சார் எடுத்துக்கும்."

"எடுத்துக்கட்டும். அது சூத்திரத்தோட கருத்து. நம்ம கருத்து இல்லையே."

இந்த ஞானத்துக்குமுன் தசமமே தலை குனிந்தார். 'பதினேழாவது கட்டம் ஆழ்ந்த பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டது. உரிய காலத்தில் உரிய மதிப்பு உரிய முறையில் நிரப்பப்படும்' என்று அக்கா எழுத, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அவள் அட்டவணையைக் கணினியில் ஏற்றினாள். திரை கேட்டது: 'கட்டம் 17: மதிப்பு இல்லை. தொடரலாமா?' இவ்வளவு படித்தவர்கள் விட்டதை நாம் என்னத்தைச் சொல்ல என்று நினைத்துக்கொண்டு 'ஆம்' என்பதை அழுத்தினாள். கைதட்டல் கேட்டது.

மறுநாள் காலை நிதானம் கடலை எண்ணெய் டின்களோடு புறப்பட்டான். "ரெண்டு நாள்ல வந்துருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சூத்திரம் வேலை செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் இறங்கிய ஊரில் பிளாஸ்டிக் குழாய் இருந்தது. குழாய் இறங்கிய ஊரில் சிமெண்ட். சிமெண்ட் இறங்கிய ஊரில் பள்ளிக்கூட பெஞ்சு. உலகத்தில் சரக்கு இல்லாத ஊர் ஏது? நிதானம் வண்டிக்குள்ளேயே தூங்கி, பெட்ரோல் பங்க்குகளில் குளித்து, காற்றை ஒரு கிலோமீட்டர்கூடச் சுமக்காமல் நாட்டின் பொருளாதாரத்தை வளர்த்தான்.

"எங்க இருக்கீங்க?" என்று அக்கா போனில் கேட்பாள்.

"உனக்குத்தான தெரியும். நீதான அனுப்புற."

அவளுடைய திரையில் அறுபத்து நான்கு புள்ளிகள் ஊர்ந்தன. முப்பத்தொன்று எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். வயிற்றுக்குள் குழந்தை உதைக்கும்போது அவள் பார்வை தானாக அந்தப் புள்ளிக்குப் போகும்.

ஐம்பத்து நான்காம் நாள் அந்தப் புள்ளி வீட்டுக்குப் பதினொரு கிலோமீட்டர் தூரத்தில் வந்து சரக்கை இறக்கியது. அக்கா பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனாருக்கு உடனே போன் போட்டாள். "அண்ணி, சாப்பாடு கூடக் கொஞ்சம் செஞ்சு வைங்க. இன்னைக்கு வந்துருவார் போல." போனை வைப்பதற்குள் திரை பேசியது: 'வண்டி 31. அருகில் பெயிண்ட் டின்கள், கொண்டுசேர்க்க 412 கி.மீ. தொடரலாமா?'

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது சூத்திரத்துக்கும் தெரிந்திருந்தது. நான்கு நிமிடம் பார்த்துவிட்டு அதுவே 'ஆம்' என்று போட்டுக்கொண்டது.

"நல்லா இருக்குடியம்மா உன் உத்தியோகம்," என்றாள் நாத்தனார் அன்று சாயங்காலம், ஆறிப்போன பாத்திரத்தை மூடியபடி. "ஊர் உலகத்துக்கெல்லாம் வண்டி அனுப்புற. என் தம்பியை வீட்டு வாசலுக்கு அனுப்ப உன்னால முடியல. இதுல எதுக்கு உனக்கு ரெண்டு ஸ்கிரீன்?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கோபத்தில் அக்கா மறுநாள் தசமத்திடம் போய் நின்றாள்.

"சார், முப்பத்தொண்ணாம் வண்டி ரெண்டு மாசமா வீட்டுக்கு வரல."

"வண்டிக்கு ஏதும்மா வீடு?"

"டிரைவருக்கு இருக்கு சார்."

"டிரைவர் நம்ம அட்டவணையில எந்தக் கட்டம்?"

"பதினேழு."

"அது காலியால்ல இருக்கு," என்றார் தசமம், தொலைந்த பொருளைப் பற்றிப் பேசும் துக்கத்தோடு. பிறகு அவரே ஆறுதலும் சொன்னார். "சூத்திரத்துக்கு யார் மேலயும் பகை கிடையாதும்மா. உங்க தெருவுக்கு யாராவது முழு லோடு புக் பண்ணட்டும். ஒம்பது டன். பக்கத்துல எந்த வண்டி இருக்கோ அது தன்னால வந்து நிக்கும்."

பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பவள் அக்கா. அடுத்த வாரம் முப்பத்தொன்றாம் புள்ளி ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில் வந்த நேரம் பார்த்து, ஒன்பது டன் செங்கலை, பாதி வெந்தது, மலிவு, தன் சொந்த விலாசத்துக்குத் தன் சொந்தப் பெயரில் புக் செய்தாள். பிரசவத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு போயிற்று. சூத்திரம் ஒரு நொடி யோசித்து நிதானத்தை அனுப்பியது.

இறக்குவதற்கு மூன்று மணி நேரம் அனுமதி. அதற்குமேல் போனால் அபராதம். நிதானம் கூலியாட்களோடு சேர்ந்து, ஒவ்வொரு செங்கலாக, தன் பெயருக்குக் குறை வராமல் இறக்கினான். நடுவில் நாற்பது நிமிடம் தன் கட்டிலில் படுத்துத் தூங்கினான். விழித்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவள் வயிற்றில் வைத்தான். உள்ளே உதைத்தது. அவன் கையை எடுக்கவே இல்லை. இரண்டு நிமிடம் அப்படியே நின்றான்.

"செங்கலை என்ன பண்ணப் போற?" என்றான் கிளம்பும்போது.

"அடுத்த தடவை என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள்.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். அந்தத் தெருவில் செங்கலை அடுக்கிப் பார்த்தவுடனேயே செய்தி பரவிவிட்டது. நான்காம் நாள் பன்னிரண்டாம் வண்டி ஓட்டுநரின் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, இந்தச் செங்கல் உங்களுக்கு வேணுமா?"

"ஏன், வீடு கட்டப் போறியா?"

"இல்லக்கா. அவரைப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சு."

பன்னிரண்டாம் வண்டி பக்கத்தில் வந்த நேரத்தை அக்கா திரையைப் பார்த்துச் சொன்னாள், அவள் புக் செய்தாள். பன்னிரண்டாம் வண்டி வந்து அக்கா வாசலில் இருந்த செங்கலை ஏற்றித் தன் வீட்டு வாசலில் இறக்கியது. அங்கிருந்து நாற்பதாம் வண்டி. அங்கிருந்து ஏழாம் வண்டி. பிறகு யாருக்கும் சூளைக்குப் போகும் அவசியமே இல்லை. அதே ஒன்பது டன் செங்கல், வாடகைச் செலவோடு, வீடு வீடாகச் சுற்றிவந்தது. ஒரு லோடு போதாமல் இன்னும் ஐந்து லோடு சேர்ந்தது. புருஷனைப் பார்க்க வேண்டுமானால் செங்கலை அழைக்க வேண்டும் என்று சின்னக் குழந்தைகள்கூடத் தெரிந்துகொண்டன. செங்கல் மூலை தேய்ந்து உருண்டையானதே தவிர, எங்கும் ஒரு சுவர் எழும்பவில்லை.

மூன்றாம் மாடியில் மகிழ்ச்சி பொங்கியது. காலிப் பயணம் பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்று சதவீதம். சரக்குக் கூட்டமைப்பு நிறுவனத்துக்குக் 'குறைந்தபட்சச் செலவுக் கேடயம்' கொடுத்தது. கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பொது மேலாளர் உரையாற்றினார்: "நாடு கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சாட்சி, நம் செங்கல்." எங்கே கட்டுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கு நாற்காலி கிடையாது என்பதை முதலிலேயே சொன்னோம்.

கேடயம் வந்த மாதம் தசமம் அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். அவளுக்கு ஒன்பதாம் மாதம். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"செங்கல் விஷயம் தெரிஞ்சுபோச்சும்மா."

அவர் மேசைமேல் ஒரு தாளை விரித்தார்.

"எல்லா புக்கிங்கும் டிரைவருங்க வீட்டு விலாசம். சராசரியா இருபத்தாறு புள்ளி மூணு ஏழு நாளுக்கு ஒரு தடவை."

"சார், வேலைய விட்டு எடுத்துராதீங்க. என்ன அபராதம் சொன்னாலும் கட்டிடுறேன்."

"எடுக்குறதா?" தசமத்தின் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. "பதினேழாவது கட்டத்துக்கு மதிப்பு கெடச்சிருச்சும்மா. யாராலயும் அளக்க முடியாதுன்னு விட்ட விஷயம். நீங்க பொம்பளைங்க காசு குடுத்து அளந்து காட்டிட்டீங்க."

அக்காவுக்கு அதுவரை இல்லாத ஓர் ஆசை எழுந்தது. "அப்ப இனிமே வீட்டுக்கு அனுப்பிருவீங்களா சார்?"

"அதுலதான் அழகே. நாம இதைச் செலவுன்னு நெனச்சோம். இது வரவு. ஒரு டிரைவர் வீட்டுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் நமக்கு ஆயிரத்து நானூத்தி முப்பத்தேழு புள்ளி ஆறு ரெண்டு லாபம். நாள் கூடக் கூட புக்கிங்கும் கூடுது. அதனால கட்டத்துல மைனஸ் போடறோம். இனிமே சூத்திரமே பாத்து அவங்களை வீட்டுப் பக்கம் விடாது. இறக்குற நேரத்தையும் மூணு மணியில இருந்து ஒண்ணாக் குறைச்சா, திரும்பத் திரும்பக் கூப்பிடுவீங்க."

"எனக்குப் பன்னண்டு நாள்தான் சார் இருக்கு," என்றாள்.

"எதுக்கு?"

அவள் வயிற்றைக் காட்டினாள். தசமம் அதை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஏதோ தாளைப் புரட்டினார்.

"ஆமாம், கணக்குல இருக்கு. அந்த வாரம் நீங்களே ரெண்டு லோடு புக் பண்ணுவீங்கன்னு சூத்திரம் எதிர்பாக்குது."

இத்தனை நாள் சூத்திரத்தை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்து நான்கு வீட்டுப் பெண்களும் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூனியத்துக்கு ஓலை எழுதிக் கொடுத்தவள் அவள்.

கூட்டம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. மைனஸ் ஆயிரத்து நானூற்று முப்பத்தேழு புள்ளி ஆறு இரண்டு. இந்த முறை யாரும் சங்கத்துக்காரர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. லாபத்தில் அசிங்கம் கிடையாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் அக்காவின் மேசைக்கு வந்தது.

அவள் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். மைனஸ் குறியைத் தட்டவில்லை. மறதி இல்லை. ஒருமுறைக்கு மூன்றுமுறை தாளைப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

'கட்டம் 17: 1437.62. தொடரலாமா?'

'ஆம்.'

சூத்திரத்தின் நேர்மையை இங்கே மனமாரப் பாராட்ட வேண்டும். அதற்கு எஜமான விசுவாசம் கிடையாது, கணக்கு விசுவாசம் மட்டும்தான். ஓட்டுநர் வெளியே இருக்கும் ஒரு நாளுக்கு இவ்வளவு செலவா? அப்படியானால் காலியாகத் திரும்புவதே மலிவு. திரையில் அறுபத்து நான்கு புள்ளிகளும் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின.

அன்று மதியத்தில் இருந்து மறுநாள் மதியம்வரை லாரிகள் வீட்டுக்குப் போயின. சரக்கு இறக்கியவை காலியாக, இறக்காதவை சரக்கோடு. பொது மேலாளர் வீட்டுக்குப் போக வேண்டிய சோபா, நாற்பதாம் வண்டி ஓட்டுநரின் வாசலில் இரண்டு நாள் குழந்தைகளின் கோட்டையாக இருந்தது. சூத்திரத்தை நிறுத்தச் சொல்லித் தசமம் மாடிப்படியில் ஓடிவந்தார். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. பன்னிரண்டு நாள் என்று மருத்துவர் போட்ட கணக்கு மட்டும் தப்பாகிவிட்டது. வலி அன்றே எடுத்து, நாத்தனார் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

நிதானம் தன் வாழ்நாளில் வேகமாக ஓட்டிய ஒரே தடவை அதுதான். பிரசவ அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் அவள் கையைப் பிடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"காலியாவா வந்தீங்க?" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"காலியாத்தான். முன்னூறு கிலோமீட்டரும் காத்துதான்."

அவள் வலியிலும் சிரித்தாள். அழுதாள் என்றும் நாத்தனார் சொல்கிறாள், இரண்டும்தான்.

பத்தாம் நாள் மூவர் கொண்ட விசாரணைக் குழு வீட்டுக்கே வந்தது. உள்ளே நிதானம் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் மார்பில் மகளும். ஆகவே குழு, மூன்றாம் சுற்று முடிந்து அந்த வாசலுக்கே வந்து சேர்ந்திருந்த செங்கல்மீது உட்கார்ந்தது. உருண்டைச் செங்கல், கொஞ்சம் சறுக்கியது.

"மைனஸ் குறி எங்கம்மா?" என்றார் பொது மேலாளர்.

"நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்ட முதல் தாள்ல என்ன இருக்கு சார்? உரிய காலத்துல உரிய மதிப்பு நிரப்பப்படும்னு இருக்கு," என்றாள் அக்கா. "நிரப்பிட்டேன்."

"அடுத்தவங்க கட்டத்துல கை வைக்க நீ யாரு?"

"அது என் கட்டம் சார். என்கிட்ட கேக்காம நீங்க சைபர் போட்டது."

"நாங்க சைபர் போடல," என்றார் பொது மேலாளர், மிகுந்த கண்ணியத்தோடு. "காலியா விட்டோம்."

குழுவின் அறிக்கை அதே வாரம் வெளிவந்தது. படித்தவர்கள் எழுதியது, அழகான நடை. சூத்திரத்தின்மேல் குற்றமில்லை, ஆலோசகர்மேல் குற்றமில்லை, நிர்வாகத்தின்மேல் அறவே இல்லை. டெஸ்பாட்ச் எழுத்தர் பணிநீக்கம் செய்யப்படுகிறார். அறுபத்து நான்கு ஓட்டுநர்கள் ஒரே நாளில் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது, நிறுவன வரலாற்றிலேயே மிகப் பெரிய விபத்து என்று பதிவாகியிருக்கிறது.

விபத்து என்றால் அதற்குரிய படிவத்தை நிரப்ப வேண்டும். வண்டிச் சேதம் இல்லை. சரக்குச் சேதம், சோபா ஒன்று. உயிர்ச்சேதம் இல்லை. உயிர் ஒன்று கூடியிருக்கிறதே, அதை எங்கே போடுவது என்று தலைமைக் கணக்கர் கேட்டாராம். அதற்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு, ஆழ்ந்து பரிசீலித்து, காலியாக விட்டிருக்கிறார்கள். காலியாக விட்டால் அது என்னவென்று எடுத்துக்கொள்ளப்படும் என்பது அவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. முதல் கூட்டத்திலேயே தெரியும்.